களையும் உரமாகும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



களையைப் பிடுங்கி வேலியோரம் எறிவது நம் வழக்கம். ஆனால், நாம் இட்ட உரத்தையும் இறைத்த நீரையும் உண்டு வளர்ந்ததே அக்களை. அதை எறிவது நமது பொருளையே எறிவதற்கு ஒப்பாகும். பூவரசங் குழையையும் காவிளாயையும் தோட்டத்திலே தாழ்த்திய நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். களையை நீரில் ஊறவைத்துத் திரவ உரமாக்குவதும் அதே வழியின் தொடர்ச்சியே.

பரல் ஒன்றிலே, விதை பற்றாத களைகளை நறுக்கிப் பாதியளவுக்கு இடுங்கள். களைநாசினி பட்டவை வேண்டாம். தோலில் அரிப்பை உண்டாக்கும் பாதீனியமும் வேண்டாம். நீர் நிரப்பி, கல் வைத்து அமிழ்த்தி, நுளம்பு புகாதபடி துணியால் இறுகக் கட்டுங்கள். இடையிடையே கிளறி வந்தால், மூன்று வாரமளவில் இலை அழுகி, அதிலுள்ள நைதரசனும் பொற்றாசியமும் நீரிலே கரைந்திருக்கும். நாற்றம் கடுமையாகவே இருக்கும். ஆதலால் பரலை வீட்டுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் வையுங்கள்.

வடித்த நீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல நீர் சேர்த்து, மாலை வேளையில் வேரடியிலே ஊற்றுங்கள். பச்சையாக உண்ணும் இலைகளில் படவிடலாகாது. சக்கை எருக்கிடங்குக்கு உதவும்.

இதைக்கொண்டு உரமூடையை முற்றாக ஒழிக்கலாம் என்று நான் கூற வரவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும் வரை கமக்காரர் பட்ட துன்பத்தை நாடறியும். பரல் நீர் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். வெங்காயத் தறைக்குப் போதாது. அங்கே அது துணை உரம் மாத்திரமே.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தங்கும் மழைநீரே கிணற்று நீர். பயிர் உண்டு மிஞ்சிய உரமும் அதனோடு இறங்குகிறது. குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமை குன்றும்.

களை நீரும் இதற்கு விலக்கன்று. இயற்கை உரந்தானே என்று வாளி வாளியாக ஊற்றினால், அதுவும் கிணற்றையே சேரும். இரு வாரத்துக்கொரு முறை, அளவோடு ஊற்றுங்கள். அந்த அளவுக்கு மூடை உரத்தைக் குறையுங்கள்.

இளைஞர்களே, மாரி முடிந்ததும் கோயில் நந்தவனத்திலே ஒரு பரலுடன் இப்பணியைத் தொடங்குவோம். பூக்கன்று செழிப்பதைக் கண்டால் ஊரார் தாமே பின்பற்றுவர். நம் பிள்ளைகளுக்கு நல்ல மண்ணோடு நல்ல கிணற்றையும் விட்டுச் செல்வோமாக.