வீட்டில் கிடைத்ததா, தானே கண்டதா?

(நம் மருத்துவமனையை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் சபையாருக்கான ஸ்தோத்திரக் கூடுகையில், மூத்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை.)



கட்டட வேலை பற்றியும் வரவு செலவு பற்றியும் செயலாளர் ஐயா ஏற்கெனவே விவரமாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் ஒரு கேள்வியை மாத்திரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆண்கள் வார்டில் தன் தகப்பனாருக்குத் துணையாக இருந்த ஒரு வாலிபன் என்னிடம் கேட்டது அது. காலை ஜெபம் முடிந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். "டாக்டர் ஐயா, கோபிச்சுக்காதீங்க. நீங்க எங்க வீட்டுல பொறந்திருந்தா, இந்நேரம் நெத்தியில திருநீறு பூசிக்கிட்டுத்தானே வந்திருப்பீங்க?" என்றான்.

"அநேகமா அப்படித்தான் தம்பி" என்றேன். இந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

ஆனால் அதே கேள்வியை, அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, என் மகள் வீட்டில் கேட்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருடந்தோறும் பரிசு வாங்கினவள். "நான் விசுவாசிக்கிறேனா, இல்ல நீங்க விசுவாசிக்கிறதால கோயிலுக்கு வர்றேனான்னு எனக்கே தெரியலப்பா" என்றாள். அப்போது நான் சிரிக்கவில்லை. சத்தம் போட்டேன். அந்நியனிடம் இருந்த பொறுமை சொந்தப் பிள்ளையிடம் இல்லாமல் போயிற்று.

வேதத்தில் இரண்டு விதமும் இருக்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் முதலில் இருந்தது. பெரோயா பட்டணத்தாரோ பவுல் சொன்னதற்காக ஒப்புக்கொள்ளாமல், தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். இருவரையும் பற்றி நல்ல சாட்சியே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வளர்ப்பா, ஆராய்ச்சியா என்று சண்டை போடுவதற்குப் பதிலாக, நம்முடைய நாட்டில் வாழ்ந்த இரண்டு பேரை நினைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, மருத்துவ ஊழியம் செய்கிற எங்களுக்கு மிகவும் பழக்கமானவர், டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819-இல் அமெரிக்காவை விட்டு இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனெரி. பின்பு சென்னையில் ஊழியம் செய்தார். தகப்பனாரும் இந்தியாவில் மருத்துவ மிஷனெரி. பெரியப்பாமாரும் மிஷனெரிகள். வளர்ப்பே விசுவாசத்தைக் கொடுத்துவிடும் என்றால் ஐடாவுக்கு அது தானாக வந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. பஞ்சத்தையும் வறுமையையும் சிறு வயதிலேயே கண்ட அந்தப் பெண், மிஷனெரி வேலை தனக்கு வேண்டவே வேண்டாம், அமெரிக்காவில் சுகமாக வாழ வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். 1890-இல் திரும்பி வந்ததுகூடத் தாயாரின் சுகவீனத்தினால்தான். அவர் தேவனை மறுதலித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றோரின் அழைப்பு தன்னுடையது அல்ல என்று அவருக்குத் தெளிவாக இருந்தது.

திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். என் தகப்பனார் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடியும்போது மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அதன் பிறகே ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் நடந்தது நீங்கள் அறிந்ததே.

இதைப் பகுத்தறிந்து எடுத்த முடிவு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வளர்ப்பு என்று சொன்னால் அதுவும் போதாது. பெற்றோர் வருடக்கணக்கில் கொடுக்க முயன்றதை, பெயர் தெரியாத மூன்று பெண்களின் மரணம் ஓர் இரவில் அவருடையதாக்கிவிட்டது.

மற்றவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் திருநெல்வேலிச் சீமை கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறினவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் போனபோது கிறிஸ்தவராகும் எண்ணம் அவருக்கு இல்லை. கிறிஸ்தவர்களான நண்பர்களோடு பேசி, வாசித்து, மனதுக்குள் நெடுநாள் போராடி, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். வார்டில் அந்த வாலிபன் கேட்டதற்கு நேர் எதிரான சரித்திரம் இது. பிறந்த வீடு ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறொன்று.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஜான் பனியனின் நூலைத் தழுவி அவர் 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்துப் பார்த்தால், அதன் நடை முழுவதும் கம்பன் நடை. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றே அழைக்கிறோம். தானே ஆராய்ந்து முடிவெடுத்தவர்கூட, சிறு பிள்ளையாய்க் கற்ற பாஷையில்தான் அந்த முடிவைப் பாடினார். பிறந்த வீடு கொடுத்ததை அவர் எறிந்துவிடவில்லை. எறிந்திருந்தால் நமக்கு அந்தக் காவியம் கிடைத்திராது.

இதைப் படித்த பிறகு என் மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. எனக்கும் நாக்கு எழவில்லை. ஐடா அம்மையாரின் கதையையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு அந்த ராத்திரி வந்துச்சுப்பா. எனக்கு இன்னும் வரலை" என்றாள். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது, "வர்றியாம்மா?" என்று ஒரு தரம் மாத்திரம் கேட்கிறேன். சில வாரம் வருகிறாள், சில வாரம் வருவதில்லை. விடுமுறை நாட்களில் குழந்தைகள் வார்டுக்குப் போய்ப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இன்று அவள் இந்தக் கூட்டத்தில் இல்லை என்பதால் தைரியமாகப் பேசுகிறேன். அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளைப் பார்த்தால், ஜெபிக்கிறோம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதேயுங்கள், அவளுக்குப் பிடிக்காது.