பிழை இரண்டு, சிவப்புக் கோடு ஒன்று



ஆங்கிலத்தில் 'பிக், பிக்கர், பிக்கஸ்ட்' சொல்லிக்கொடுப்பது பற்றிய கருத்தரங்குக்கு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபம் எதற்கு என்று யாரும் கேட்கலாம். 1942இல் தமிழுக்கென்றே தொடங்கிய சங்கம், கேள்வி நியாயமானது. ஆனால், நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் விடும் பிழைக்குப் பாதி விளக்கம் தமிழ் இலக்கணத்தில்தான் கிடக்கிறது.

இங்கேயோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு ரியூசன் கொப்பியைத் திறந்தால் இரண்டு பிழைகள் கண்ணில் படும். ஒன்று 'பிக் தான் மீ'. மற்றது 'மோர் பிக்கர்'. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு. இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல என்பதே என் வாதம்.

'அவனிலும் பார்க்க இவன் பெரியவன்' என்கிறோம். ஒப்பீடு 'அவனிலும் பார்க்க' என்பதோடு முடிந்துவிட்டது. 'பெரியவன்' அசையவில்லை, ஒப்பிட ஆளே இல்லாவிட்டாலும் அது அதே பெரியவன்தான். தொல்காப்பியர் இந்தப் பொருளை ஐந்தாம் வேற்றுமையில் வைத்து, நிறம், வடிவம், அளவு, சுவை என்று ஒப்பிடத் தகுந்தவற்றையும் அடுக்கிக் காட்டினார். உருபு ஏறுவது எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரில். பண்பைச் சொல்லும் சொல்லில் அல்ல. 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் இதைக் கண்டு எழுதினார்: திராவிட மொழிகளில் பெயரடையோடு ஒட்டும் ஒப்பீட்டு விகுதி கிடையாது, தொடரமைப்பே அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் 'தான்' போட்டதும் பிள்ளைக்கு வேலை முடிந்துவிடுகிறது. 'பிக்'கை மறுபடி 'பிக்கர்' ஆக்குவது அதன் காதுக்கு மிகை. சிங்களப் பிள்ளைக்கும் இதே கதை: அங்கே 'ட வடா' வந்து உட்கார்ந்ததும் போதும், 'லொக்கு' மாறுவதில்லை. இரு மொழிப் பிள்ளைகளும் கலந்திருக்கும் கொழும்பு வகுப்பில் ஆசிரியருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

'மிக' இன்னொரு வில்லங்கம். காலி வீதியில் ஒரு கடைப் பலகை 'மிகப் பெரிய புடவைக் கடை' என்றால், அது வெறுமனே பெரிய கடையா, எல்லாவற்றிலும் பெரியதா? தமிழ் அதைத் திறந்தே விடுகிறது. கடைக்காரருக்கு அந்த மயக்கம் இலாபம். 'வெரி பிக்கஸ்ட்' என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி நட்டம்.

'மோர் பிக்கர்' அப்படியல்ல. அதற்கு ஆங்கிலமே பொறுப்பு. அங்கே இரண்டு முறைகள் ஒன்றாகப் புழங்குகின்றன. விகுதி பழைய ஜெர்மானியச் சொத்து. 'மோர்', 'மோஸ்ட்' பிற்காலத்தில் பரவியவை. ஓரசைச் சொல் பெரும்பாலும் விகுதியை எடுக்கும், மூவசைச் சொல் 'மோர்' கேட்கும், நடுவிலுள்ள 'சிம்பிள்', 'குவாயட்' போன்றவை இரண்டுக்கும் இணங்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களில் ஷேக்ஸ்பியரும் உண்டு: ஜூலியஸ் சீசர் நாடகத்தில் அன்ரனியின் வாயில் 'மோஸ்ட்'டும் 'எஸ்ட்'டும் ஒரே அடையில் வருகின்றன. இதைப் பிழையென்று ஒதுக்கியவர்களில் பேர்பெற்றவர், 1762இல் இலக்கணம் எழுதிய றொபேட் லோத். பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர். விவிலியச் சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பில் கடவுளுக்கு இட்ட இரட்டை உச்சத்தை மட்டும் அவர் மன்னித்துவிட்டார்!

இந்தப் பிழைக்கு அசை எண்ணும் பயிற்சி போதும். முதற் பிழைக்குப் போதாது. நம் பயிற்சிப் புத்தகங்கள் மூன்று நிரல் அட்டவணையைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்கின்றன. அந்த அட்டவணையில் 'தான்' இல்லை. தனியே 'பிக்கர்' என்று ஒப்புவிக்கும் பிள்ளை, வசனத்தில் 'தான்' வந்ததும் தமிழுக்குத் திரும்பிவிடுகிறது. முழு வசனத்தையே, தமிழ் வசனத்தின் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும்.

க.பொ.த. சாதாரண தர விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். இரண்டு பிழைக்கும் ஒரே அளவு புள்ளி குறைப்பது சரியா? காலை அமர்வை இந்தக் கேள்வியோடு தொடங்குங்கள்.