தழும்புகளை மறைக்காத படம்



சேலத்து வெள்ளிக் கொலுசை அறியாதவர் நம்மில் இல்லை. அதே வெள்ளியைக் கொண்டு ஒரு காலத்தில் படமும் எடுத்தார்கள். 1851இல் ஆங்கிலேயர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை அது. கண்ணாடியில் கொலோடியன் என்னும் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் படம்பிடித்துக் கழுவிவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஜென்னி சாம்ப்சன் என்ற பெண்மணி, இதே முறையில் உலோகத் தகட்டில் ஸ்கேட்போர்டு வீரர்களைப் படமெடுத்து, 2017இல் நூலாக்கினார். சக்கரப் பலகையில் பாய்ந்தே பழகியவர்கள், சில நொடி அசையாமல் நின்றார்கள். இம்முறை முகத்தை வெளுப்பாக்காது. வெயில் தந்த புள்ளிகளையும் சுருக்கங்களையும் கூட்டியே காட்டும்.

நாமோ, இறந்த அப்பாவின் கண்ணீர் அஞ்சலிப் படத்தைக்கூட, "கொஞ்சம் வெளுப்பாக்குங்க தம்பி" என்கிறோம். லாரிக்கடியில் படுத்தும் தறியில் நின்றும் நம்மை வளர்த்த முகம் அது. அந்தக் கோடுகளை அழித்துவிட்டு யாரை நினைவுகூர்கிறோம்?

உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்கு எதைக் காட்டினார்? ஆணிகளின் தழும்பை. மாட்சி பெற்ற உடலிலும் அவர் அதை மறைக்கவில்லை. அது நம்மை அன்பு செய்ததன் அடையாளம்.

இந்த வாரம் வீட்டுப் பெரியவரின் அருகில் அமருங்கள். கையைப் பிடித்து, "இந்தத் தழும்பு எப்படி வந்தது?" என்று கேளுங்கள். ஈரம் காய்ந்தால் தகட்டில் படம் விழாது. அவர்கள் போனபின் அந்தக் கதையும் நமக்குக் கிடைக்காது. ஆமென்.