ஜெயில் மதிலும் செல்போனும்

(கீழ் கோத்தகிரியில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழுந்து விலையையும் கூலியையும் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் ஜெயிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் ஒரு நாள் காலையில் கோவை மத்திய சிறை வாசலில் போய் நின்று பார்க்கட்டும். மனு பார்க்க வரிசையில் நிற்பவர்கள் யார்? மில் முதலாளி வீட்டுப் பெண்களா? எஸ்டேட் துரையின் பிள்ளைகளா? நம்மைப் போன்ற கூலி ஜனங்கள்தான் நிற்கிறார்கள். வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்த ஜெயில் அது. 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வரைத் தூக்கிலிட்ட ஜெயிலும் அதுதான். தொழிலாளி வர்க்கத்துக்கு அந்த வாசல் புதிதல்ல.

இங்கிருந்து மனு பார்க்கப் போகும் ஒரு தாய் முதல் பஸ்ஸில் கோத்தகிரி போக வேண்டும், அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு காந்திபுரம். ஒரு நாள் கூலி போயிற்று. சில நிமிஷம் மகனைப் பார்த்துவிட்டு இரவில் மலையேற வேண்டும். இத்தகைய குடும்பத்துக்கு டெலிபோன் சொகுசா? அதுதான் உறவு அறுந்து போகாமல் காக்கும் நூல்.

2020இல் கொரோனா வந்தபோது நேர்காணல் நின்றது. அப்போது தமிழகச் சிறைகளில் வீடியோ அழைப்புக்கு ஸ்மார்ட்போன் வைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை! 2023இல் தமிழக சர்க்கார் விதியைத் தளர்த்தி, ஒரு கைதி மாதத்தில் 10 முறை, ஒவ்வொரு முறையும் 12 நிமிஷம் வீட்டோடு பேசலாம் என்றாக்கியது. இதை நாம் வரவேற்கிறோம். நல்லதை நல்லது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் கைதி பகலில்தான் பேச முடியும். பகலில் தாய் எங்கே இருக்கிறாள்? கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்கிறாள். பள்ளத்தில் டவரும் கிடைப்பதில்லை. பன்னிரண்டு நிமிஷமும் மணி அடித்தே போய்விட்டால் அந்த உரிமையால் யாருக்கு லாபம்? ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

திருட்டுச் செல்போனைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். உள்ளே இருந்துகொண்டே வெளியே ஆளை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் செல்போன் மதில் மேல் தானாக ஏறிக் குதிப்பதில்லையே! வெள்ளைக்காரன் செய்த 1894ஆம் வருஷச் சிறைச் சட்டத்தின் 42ஆவது பிரிவே, தடுத்த பொருளைக் கொண்டு வருபவனோடு, அதை உள்ளே வரவிடும் சிறை அதிகாரியையும் சேர்த்துத்தான் குற்றவாளி என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023இல் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டம், கைதியிடம் செல்போன் இருந்தால் மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. லாக்கப் நேரத்தில் மனைவியின் பிரசவச் செய்தி கேட்கச் சக கைதியின் போனை வாங்கியவனுக்கும் கொள்ளைக் கும்பல் தலைவனுக்கும் ஒரே அளவுகோலா?

அதே மாதிரிச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. இடத்தைக் காட்டும் மின்னணுக் கருவியை உடம்பில் மாட்டிக்கொள்ளச் சம்மதித்தால் கைதிக்கு லீவு தரலாமாம். ஆனால் ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைதியின் குரல் மதிலைத் தாண்டுவது எந்தக் காலத்திலும் போராடிப் பெற்றதுதான். 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மனிதர்களாக நடத்தும்படி கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். பம்பாய் ஜெயிலில் பாதுகாப்புக் கைதியாக இருந்த தோழர் பிரபாகர் சான்ஸ்கிரி, அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு விஞ்ஞானப் புத்தகம் எழுதினார். அதை அச்சுக்கு அனுப்ப சர்க்கார் மறுத்தது. அணு விஞ்ஞானத்தில் என்ன சதியோ! 1965இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு திகார் ஜெயிலில் ஒரு கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி சுனில் பத்ரா என்ற சக கைதி எழுதிய கடிதத்தையே கோர்ட்டு மனுவாக ஏற்றது. 1979இல் அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1948இல் தானே சிறையில் இருந்தவர். 1957இல் கேரளத்தில் ஈ. எம். எஸ். மந்திரிசபையில் சிறைத்துறையையும் கவனித்தவர். உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய தீர்ப்பு வேறுவிதமாக இருப்பதில் ஆச்சரியமென்ன? ஜெயிலுக்குள் ஜாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்கும் விதிகள் செல்லாது என்று சொல்ல மட்டும் 2024 அக்டோபர் வரை ஆயிற்று!

ஆனால் தோழர்களே, போனைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் முடிவில் இந்தியச் சிறைகளில் இடம் 4,36,266 பேருக்கு. இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள்! ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீனும் பணமும் இல்லாமல் கிடப்பவர்கள் இவர்களில் எத்தனையோ பேர். ஜெயிலில் நெருக்கடி ஏன், கக்கூசு வரிசை ஏன் என்றால் பதில் இங்கேதான் இருக்கிறது.

புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தை நாம் பல வகையில் எதிர்க்கிறோம். ஆனாலும் அதன் 479ஆவது பிரிவைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது. முதல் தடவையாக வழக்கில் சிக்கியவர், உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது இல்லை. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறை சூப்பரின்டெண்டின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைக்கு உதவ 2023ஆம் வருஷத் திட்டமும் இருக்கிறது. போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு அது கிடையாது.

காவலில் இருப்பவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், பழங்குடி மக்களுக்கும் இலவச வக்கீல் வைத்துத்தர உதகையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். உங்கள் லைனிலோ ஹட்டியிலோ யாராவது உள்ளே இருந்தால், கைதான தேதி, வழக்கு எண், பிரிவு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். நாட்களை எண்ணிப் பார்த்து, மனு எழுதிக் கொடுப்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.