பழைய கணிப்பொறியும் புதிய பதிப்பும்



நம் சமுதாயப் பிள்ளைகள் பலருக்கு முதற் கணிப்பொறி, பிறர் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய பொறியாகவே வாய்க்கிறது. அத்தகைய பொறியிலும் இலகுவாக ஓடக்கூடிய இயங்குதளங்கள் சில உள. லுபுண்டு அவற்றுள் ஒன்று, விலையில்லாதது.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதன் பதிப்புகள் வெளிவரும். திட்டமிட்டபடி குறித்த நாளுக்குப் பின் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா. பிழை களைதலே நடைபெறும். பின்னர்ச் சோதனை. பொறியில் நிறுவிப் பார்த்து, ஓடிற்றா, நின்றதா என்று எவரேனும் பதிந்தாக வேண்டும். அவ்வாறு பதிவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே.

2018 டிசம்பரில் அக்குழுவினர், 19.04 பதிப்பு முதல் 32 பிட் பொறிகளுக்கு இடமில்லை என்று அறிவித்தனர். அப்பொறிகளுக்குரிய கடைசி நெடுநாள் பதிப்பாகிய 18.04-இன் பராமரிப்பும் 2021 ஏப்ரலில் முடிந்தது. பொறி பழுதாகவில்லை, அதற்காக உழைப்போர் இல்லாமற் போயினர். அக்குழுவை நாம் குறை கூறவில்லை. சில கைகளே உடையோர் எல்லாவற்றையும் சுமக்க இயலுமா? சோதித்துச் சொல்ல ஆளில்லாத பொறிக்காக எவரும் நெடுநாள் உழையார்.

ஆதலின் அடுத்த பதிப்பின் சோதனைக் காலத்தில் நம் படிப்பகத்துப் பழைய 64 பிட் பொறிகளை அதற்கென ஒதுக்குவோம். தமிழ் எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா, குறைந்த நினைவகத்தில் தளம் திறக்க எத்துணை நேரமாகிறது என்பவற்றைக் குறித்து அனுப்புவோம். ஆங்கிலம் சரளமாக வாராதோர் தயங்க வேண்டா. என்ன செய்தபோது என்ன நேர்ந்தது என்று வரிசையாக எழுதினால் போதும். அனுப்புமுன் நம் ஆசிரியர்கள் திருத்தித் தருவர். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.