ஒப்பந்தக்காரரும் நாமும்



புணே நகரின் கிழக்கே, சோலாப்பூர்ச் சாலையை ஒட்டி அமைந்தது ஹடப்சர். பிழைப்பை நாடி வந்த நம்மவர் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு இங்கே வீடு வாங்கியுள்ளனர். நாளடைவில் தளம் ஒழுகும். சுவரில் ஈரம் பூக்கும். சொந்த ஊரானால் தலைமுறையாய் அறிந்த கொத்தனார் வருவார். அவர் வாய்ச்சொல்லே போதும். இங்கேயோ ஆளும் புதிது, மொழியும் புதிது. ஆதலின் பேச்சைத் தெளிவாக்கிக் கொள்வதே நம் முதற்கடமை.

முதலாவது, காலம். தமிழகத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். இங்கே மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஊர் நினைவில் ஆவணி வரை பொறுத்திருந்தால் வீடு நனைந்துவிடும். மாசியில் ஆளைப் பேசி, சித்திரைக்குள் தளவேலையை முடித்தல் நன்று.

இரண்டாவது, அளவு. மணலை நாம் 'யூனிட்' என்றும், பரப்பைச் 'சதுரம்' என்றும் கணக்கிடுவோம். இங்கே இரண்டிற்கும் 'பிராஸ்' என்பதே பெயர். மணலுக்கு அது 100 கன அடி. பூச்சுக்கு 100 சதுர அடி. விலை பேசும்போது எந்தப் பிராஸ் என்று கேட்பதில் நாணம் வேண்டா.

மூன்றாவது, முறை. நம் ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிப்பர். இங்கே உடைந்த செங்கல்லைச் சிமெண்டுக் கலவையில் பதித்துக் 'கோபா' இடுவர். சாதாரணச் சிமெண்டானால் 7 நாளும், சாம்பல் கலந்ததானால் 10 நாளுமேனும் ஈரம் காத்தல் வேண்டும். பின்னர் இரண்டு நாள் நீரைத் தேக்கி, கீழே கசிவில்லை என்று கண்ட பிறகே மேல்வேலைக்கு இசைய வேண்டும். அடுக்குமாடியில் வாழ்வோர், சுவரை இடிக்குமுன் சங்கத்தின் அனுமதியையும் பெறவேண்டும்.

நான்காவது, பணம். வேலையைப் பகுதி பகுதியாய்ப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்தபின் பணம் தருவதென எழுதிக் கையொப்பம் பெறுவோம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வாய்மொழியையும் ஏற்கும். ஆயினும் மெய்ப்பிப்பது அரிது. குறை நேர்ந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் முறையிடலாம். அங்கும் எழுத்தும் ரசீதுமே துணை நிற்கும்.

கடைசியாக ஒன்று. கண்டிப்பு வேறு, கஞ்சத்தனம் வேறு. முடிந்த வேலைக்கு உரிய பணத்தை நாம் தாமதித்தால் முதலில் வாடுவது ஒப்பந்தக்காரர் அல்லர்; அன்றாடக் கூலியை நம்பிச் சாந்துச்சட்டி சுமப்பவரே. அவருள்ளும் பலர் நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர். நம் வீடு ஒழுகாதிருக்க உழைப்பவரின் அடுப்பு அணையாதிருக்கச் செய்வதும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கியதே அன்றோ?