பாற்கட்டியின் தோல்

பழம் உண்பவர் அதன் தோலைப் பற்றித் தயங்குவதில்லை. வாழைப்பழத்தின் தோல் உரித்து எறியப்படும்; கொய்யாப்பழத்தின் தோல் பழத்தோடு சேர்த்து உண்ணப்படும். இதனைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால், சீஸ் என்னும் பாற்கட்டியின் முன்னே பெரியோரும் தடுமாறுவர். ஒரே மேசையில் அமர்ந்த இருவருள் ஒருவர் அதன் புறத்தோலைச் சுவைத்து உண்பார். மற்றவர் அதனைக் கத்தியாற் சீவித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார். இவருள் யார் செய்கை சரி? எல்லாப் பாற்கட்டிக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தோல் எதனால் ஆயது என்று அறிந்தால், உண்பதா தள்ளுவதா என்பது தானே விளங்கும்.

முதலாவது, உணவே அல்லாத தோல். ஒல்லாந்து நாட்டு எடாம் பாற்கட்டி செந்நிற மெழுகு பூசப்பெற்று ஏற்றுமதியாகிறது. அந்நாட்டுக் கௌடாவின் மேல் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சு இருக்கும். பூஞ்சணம் படராதிருக்க அதனுடன் நற்றமைசின் என்னும் மருந்தும் சேர்க்கப்படுவதுண்டு. தவறி ஒரு துணுக்கு உள்ளே சென்றால் அஞ்ச வேண்டியதில்லை. எனினும், இத்தகைய தோல் நீக்கப்பட வேண்டியதே.

இரண்டாவது, பாற்கட்டியே காய்ந்து இறுகிய தோல். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 40 கிலோகிராம் நிறையுள்ள வட்டக் கட்டி, மூன்று வாரமளவில் உப்புநீரில் ஊறி, பின்னர் குறைந்தது 12 மாதம் முதிர்கிறது. அதன் தோலில் மெழுகும் இல்லை, பூச்சும் இல்லை. பல்லுக்கு அது கடினமே. ஆயினும் இத்தாலிய இல்லத்தரசி அதனை எறிவதில்லை. நன்றாகச் சுரண்டிக் கழுவி, காய்கறியும் அவரை வித்தும் வேகும் சூப்பில் இடுவாள். கொதிக்கக் கொதிக்க அது மென்மையாகித் தன் சுவையைச் சாற்றுக்குக் கொடுக்கும். பின்பு அதனைச் சிறு துண்டுகளாக்கி உண்பாரும் உளர்.

மூன்றாவது, உயிருள்ள தோல். பிரான்சு நாட்டுக் கமம்பேர், பிரீ ஆகியவற்றின் வெண்தோல், பெனிசிலியம் இனத்துப் பூஞ்சணம் வேண்டுமென்றே வளர்க்கப்பட்டதால் உண்டாவது. அதுவே பாற்கட்டியை வெளியிலிருந்து உள்நோக்கிக் கனியச் செய்கிறது. அத்தோலில் காளானின் மணம் கமழும். அமோனியாவின் நெடி மூக்கைத் தாக்குமாயின், கனிவு எல்லை கடந்துவிட்டது என்பது பொருள். பேர்கண்டியின் எப்புவாஸ், திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கப்படும் மதுவாற் கழுவப்படுவது. அதன் செம்மஞ்சள் தோலில் வாழும் பற்றீரியாக்களின் உறவினங்கள் மனிதனின் பாதத்திலும் வாழ்வன. நாற்றம் அதனாலேயே ஒத்திருக்கிறது. ஆயினும், நாற்றத்தைக் கடந்து நாவில் வைத்தவர் சுவையைப் புகழ்வர்.

இனிமை இவ்வாறிருக்க, ஆபத்தும் இவ்விடத்திலேயே ஒளிந்திருக்கிறது. புதிய பாற்கட்டி புளிப்புடையது. அப்புளிப்பே நோய்க்கிருமிகளைப் பெரிதும் தடுக்கும் காவல். மேற்பரப்பிற் பூஞ்சணம் வளரும்போது அப்புளிப்பை உண்டு தீர்த்துவிடுகிறது. ஈரமும் உண்டு. காவல் நீங்கிய அவ்வீட்டில் லிஸ்தீரியா என்னும் பற்றீரியா குடிபுகலாம். குளிர்சாதனப் பெட்டியின் குளிரும் அதன் வளர்ச்சியை நிறுத்துவதில்லை.

சுவிற்சர்லாந்தின் மேற்குப் பகுதியில் 1983 முதல் 1987 வரை இதுவே நிகழ்ந்தது. அங்கு விரும்பி உண்ணப்படும் வாஷறான் மோண்டோர் என்னும் மென்மையான பாற்கட்டியின் தோலில் இக்கிருமி தங்கியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய்க்கும் பாற்கட்டிக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததும், 1987இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. கிருமி பாலில் மட்டுமே இருக்கும் என்பதில்லை. கட்டி முதிரும் நிலவறையிலும் மரத்தட்டிலும் இருந்து தோலில் ஏறக்கூடும். ஆதலால், பால் காய்ச்சப்பட்டது என்பது மாத்திரம் போதிய உறுதி ஆகாது.

உடல்நலம் உள்ளவருக்கு இவ்வாபத்து மிகச் சிறிது. கர்ப்பிணிகள், முதியோர், நோயெதிர்ப்பு வலிமை குன்றியோர் ஆகியோருக்கோ அது பெரிது. தாய்க்குச் சிறு காய்ச்சலாகத் தோன்றுவது கருவிலுள்ள சிசுவின் உயிரைக் கவர்ந்துவிடலாம். அவர்கள் தோலை மட்டும் சீவிவிட்டு உள்ளிருப்பதை உண்பதும் காப்பாகாது. கத்தியே கிருமியை உள்ளே கொண்டுசெல்லும். இத்தகைய மென்பாற்கட்டியை அவர்கள் தவிர்த்தல் வேண்டும். அன்றேல், ஆவி பறக்கும்வரை முற்றாகச் சூடாக்கி உண்ணல் வேண்டும். நெடுங்காலம் முதிர்ந்த கடின வகைகளில் இவ்வச்சம் மிகக் குறைவு.

ஆகவே, தோலை ஒதுக்கியவரும் உண்டவரும் ஒருவரையொருவர் நகைக்க வேண்டியதில்லை. மெழுகாயின் இருவரும் ஒதுக்கட்டும். வெண்தோலாயின், நலமுள்ளவர் ஒரு சிறு துண்டைத் தோலோடு சுவைத்துப் பார்த்து, பிடித்தால் உண்ணட்டும், பிடியாவிடின் விடட்டும். அதே மேசையில் ஒரு கர்ப்பிணி இருப்பாராயின், அவர் தட்டில் அதனை வைக்குமுன் அது எவ்வகை என்று கேட்டறிவதே விருந்தளிப்பவரின் கடமை.